அரைப்புள்ளி இருந்த இடம்

பாரிஸின் வடக்குப் புறநகரில், ஐந்தாம் மாடி வீடொன்றின் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு பெண் தன் ஊர்ப் பெயரைத் தட்டினார். திரையில் விழுந்தது: இபஅபுதஅதளை. அழித்துவிட்டு மறுபடி தட்டினார். மறுபடியும் இபஅபுதஅதளை. அவருடைய விரல்களில் பிழை இல்லை. அப்புத்தளை நகரத்து டைப்செட்டிங் கடையொன்றில் ஆறு வருடம் கோயில் நோட்டீஸும் மரண அறிவித்தலும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துப் பழகிய விரல்கள் அவை. விசைகளைப் பார்க்காமலே ஓடக்கூடியவை. விரல் போன இடத்தில் எழுத்து இல்லை, அவ்வளவுதான்.

இலங்கையில் தமிழ் அச்சு வேலை தெரிந்த எவருக்கும் பாமினி தெரியும். அது ஓர் எழுத்துருவின் பெயர். அதை அடிக்கும் விசை அமைப்புக்கும் அதே பெயர்தான். கணினியைப் பொறுத்தவரை நாம் அடிப்பது ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்தைத் தமிழ் வடிவத்தில் வரைந்து காட்டுவது மட்டுமே பாமினியின் வேலை. எம்மைத் தட்டினால் அ. ஜீயைத் தட்டினால் ப. ஜேயைத் தட்டினால் த. மெய்யெழுத்துக்கு வேண்டிய புள்ளி, வலது கைச் சுண்டுவிரல் சும்மா இருக்கும்போது தங்கியிருக்கும் அரைப்புள்ளி விசையில். அப்புத்தளை என்ற பெயருக்கு ஒன்பது தட்டல். அதில் இரண்டு புள்ளிக்கு.

பிரான்சில் விற்கும் விசைப்பலகையின் மேல்வரிசை கியூ, டபிள்யூ என்று தொடங்காது. ஏ, இஸட் என்று தொடங்கும். கியூ, ஏ இருந்த இடத்துக்கு இறங்கியிருக்கும். டபிள்யூ, இஸட் இருந்த இடத்துக்கு. எம் என்ற எழுத்து கீழ்வரிசையை விட்டு ஏறி, எல்லுக்குப் பக்கத்தில், அரைப்புள்ளி இருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். எம் இருந்த இடத்தில் காற்புள்ளி. பாமினியில் காற்புள்ளி என்றால் இ. ஆகவே அ போடப் போனால் இ வரும், புள்ளி வைக்கப் போனால் அ வரும். அம்மா என்று அடித்தால் இமஅமா.

ஜெர்மனிக்குப் போன உறவுக்காரர்களின் கதை வேறு விதம். அங்கே வையும் இஸட்டும் இடம் மாறியிருக்கும். ஜெர்மன் மொழியில் இஸட் அடிக்கடி வரும், வை அபூர்வம் என்பதால் அப்படி. பாமினியில் வை என்றால் ல, இஸட் என்றால் ண. மலை என்று அடித்தால் மணை வரும். மலையகத்தில் பிறந்த ஒருவருக்கு முதல் நாளிலேயே போய்விடுவது அந்த மலைதான்.

வெளிநாட்டில் ஆங்கில விசைப்பலகை தேடுகிறவர்கள் ஆங்கிலம் எழுதத்தான் தேடுகிறார்கள் என்று பலர் நினைப்பார்கள். ஐரோப்பாவில் வாழும் தமிழர்கள் பலருக்கு அது தமிழ் எழுதத் தேவைப்படுகிறது. பாமினி மட்டுமல்ல, தமிழ் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவழைக்கும் முறையும் ஆங்கில வரிசையின் மேல் நின்று பழகியதுதான். ழ-வுக்காக இஸட்டைத் தேடும் விரல் ஜெர்மன் பலகையில் வை மீது விழுகிறது. தமிழ் எழுத்து வெளிநாட்டில் தொலைவதற்குச் சொல்லப்படும் பெரிய காரணங்களோடு, இந்தச் சின்னக் காரணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எழுத உட்காருகிற ஒவ்வொரு தடவையும் தடுக்கிவிடுகிற மொழியை எத்தனை நாளைக்கு ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார்?

இதற்கு மென்பொருளில் பரிகாரம் உண்டு. விண்டோஸில் அமெரிக்க ஆங்கில அமைப்பைச் சேர்த்துக்கொண்டு, விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் ஒன்றாக அழுத்தினால் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிவிடலாம். விசையின் மேல் என்ன அச்சிட்டிருந்தாலும் விரல் பழகிய எழுத்து வரும். பாரிஸ் வீட்டுப் பெண்ணும் அதைத்தான் செய்தார். ஆனால் எழுத்து மாறினாலும் பலகையின் உடம்பு மாறாது. ஐரோப்பியப் பலகையில் இடது ஷிப்ட் குட்டையாக இருக்கும். அதற்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் கூடுதலாக ஒரு விசை. அமெரிக்கப் பலகையில் 104 விசை என்றால் இதில் 105. பு அடிக்க ஷிப்டுக்குப் போகும் சுண்டுவிரல் அந்த 105ஆவது விசையில் விழுந்தால், வேண்டாத குறி ஒன்றும் வெறும் ப-வும் வந்து நிற்கும். நாளைக்கு ஒரு பக்கம் அடிப்பவருக்கு இது பெரிதல்ல. பாரிஸின் லா சப்பல் பக்கத்துத் தமிழ்க் கடைகளுக்காகக் கல்யாணப் பத்திரிகையும் நினைவு மலரும் அடித்துக் கொடுத்து வீட்டுச் செலவுக்குச் சம்பாதிக்கிறவருக்கு, பக்கத்துக்குப் பத்துத் தடவை அந்த விசையில் விரல் விழுந்தால் அது வேலையைத் தின்றுவிடும்.

பிரெஞ்சுப் பலகையைத் தூக்கி எறியவும் முடியாது. மகன் பள்ளிக்கூடத்துக்குப் பிரெஞ்சில் எழுத வேண்டும். குறியிட்ட ஈ அதில் 2 என்ற விசையில் இருக்கிறது. வால் வைத்த சீ 9 என்ற விசையில். இலக்கம் வேண்டுமென்றால்தான் ஷிப்டை அழுத்த வேண்டும். பிரெஞ்சுக்காரர்களுக்கே அந்தப் பலகையில் திருப்தி இல்லை என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. கடைகளில் விற்கும் பலகையில் பிரெஞ்சைப் பிழையில்லாமல் எழுதுவதே சிரமம், குறியிட்ட பெரிய எழுத்துகளுக்கு நேரான வழி இல்லை என்று 2016 ஜனவரியில் அந்நாட்டுக் கலாசார அமைச்சே சொன்னது. 2019இல் புதிய தேசியத் தரமும் வெளியானது. பழகிய கை அவ்வளவு சீக்கிரம் மாறுமா? பழைய வரிசைதான் இன்னும் எங்கும் இருக்கிறது.

ஆக, வீட்டுக்கு இரண்டாவது பலகை ஒன்று வேண்டும். புறநகர்க் கடைத் தட்டுகளில் இருந்ததெல்லாம் பிரெஞ்சு. ஆங்கிலம் என்று ஒன்று கிடைத்தபோதும் அது இங்கிலாந்து வகையாக இருந்தது; அதிலும் இடது ஷிப்ட் குட்டைதான். அண்ணன் மகளின் சடங்குக்கு ஊருக்கு வரவிருந்த அவர், திரும்பிப் போகும்போது எடுத்துப்போகும் சாமான் பட்டியலில் தேயிலைத் தூளுக்கும் கருவாட்டுக்கும் கீழே எழுதிக்கொண்டார்: இங்கிலீஷ் கீபோர்ட் ஒன்று. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பெட்டி நிறைய மின்சாதனம் கொண்டுவருவதுதான் மலையகம் கண்ட வழக்கம். மின்சாதனம் ஒன்றை அப்புத்தளையில் வாங்கிப் பாரிஸுக்குக் கொண்டுபோவது புதிது.

*

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலில் அப்புத்தளை எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட தூரம். இந்தப் பாதை ஒரே மூச்சில் போட்டதல்ல. 1885இல் நானுஓயாவுக்கு வந்தது. 1894இல் பண்டாரவளையைத் தொட்டது. பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924இல். கடைசி முப்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு முப்பது வருடம். பட்டிப்பொலதான் உச்சி. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,898 மீட்டர். அதைக் கடந்து ஒஹிய வந்ததும் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொரு சுரங்கத்திலும் பெட்டிக்குள் இருக்கும் பிள்ளைகள் கத்துவார்கள். வெளிநாட்டுப் பயணிகளும் சேர்ந்து கத்துவார்கள். இதல்கஸ்ஹின்னவில் தண்டவாளம் முகட்டின் மேலேயே போகிறது. ஒரு ஜன்னலில் ஊவாப் பள்ளத்தாக்கு, எதிர் ஜன்னலில் தெற்குச் சமவெளி.

அப்புத்தளை அந்த முகட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர். உயரம் ஏறத்தாழ 1,430 மீட்டர். மேகம் விலகினால் தெற்கே கடலோரம் வரை கண் போகும். விலகாவிட்டால் கடைத்தெருவின் எதிர்ப்பக்கமே தெரியாது. மதியத்துக்கு மேல் பனிமூட்டம் தெருவுக்குள் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே மரக்கறி விற்பார்கள். ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஊர்ப் பெயர். ரயிலிலிருந்து இறங்கியதும் அந்தப் பெண் முதலில் பார்த்தது அந்த நடு வரியை. இரண்டு புள்ளியும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

அவர் வேலை செய்த டைப்செட்டிங் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் தொலைபேசி திருத்துகிற கடை. நாலு கடை தள்ளி, போட்டோகொப்பி, லெமினேட்டிங், பாஸ்போர்ட் படம் என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்த ஒரு சின்னக் கடையில் கணினிச் சாமானும் இருந்தது.

"கீபோர்ட் இருக்கா தம்பி?"

"இருக்குக்கா. சிங்களமும் தமிழும் அடிச்சது வேணுமா, வெறும் இங்கிலீஷா?"

"வெறும் இங்கிலீஷ் போதும்."

"யாருக்குக்கா? எந்த ஆபீஸுக்கு?"

"எனக்குத்தான். பிரான்சுக்குக் கொண்டுபோக."

அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான்.

அவன் கேட்ட முதல் கேள்வியில் இந்த நாட்டின் கணினி வரலாறே இருக்கிறது. சிங்களத்துக்கு விஜேசேகர விசைப்பலகை. தட்டச்சு இயந்திரக் காலத்தில் உருவானது. பின்னாளில் எஸ்எல்எஸ் 1134 என்ற தரத்துக்குள் வந்தது. தமிழுக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்எல்எஸ் 1326, வருடம் 2008. அதில் உள்ள விசை அமைப்பின் பெயர் ரெங்கநாதன். இதுவும் பழைய தட்டச்சு இயந்திரத்தின் வழிவந்தது என்பதால் பாமினி பழகியவருக்கு அந்நியமாக இராது. தமிழ்நாட்டில் கதை வேறு. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி அங்கே தமிழ் 99 அமைப்பு தரமாக ஏற்கப்பட்டது. அதில் உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. புள்ளி இடது கைச் சுட்டுவிரலின் கீழ். சென்னையில் தமிழ் 99 படித்த ஒருவர் அப்புத்தளையில் தட்ட உட்கார்ந்தால், பாரிஸ் போன அப்புத்தளைக்காரரின் நிலைமைதான் அவருக்கும்.

மூன்று மொழியும் அச்சிட்ட பலகையைக் கையில் வாங்கிப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு விசையிலும் மூன்று எழுத்து, மூன்று மூலையில். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தேவை எழுத்து அல்ல, எழுத்து இருக்கும் இடம். தமிழ் ஏற்கெனவே விரலில் இருக்கிறது.

பையன் எடுத்து வைத்த வெறும் ஆங்கிலப் பலகையில் 2 என்ற விசைக்கு மேல் மின்னஞ்சல் குறி இருந்தது. அமெரிக்க அமைப்பு. நூற்றைம்பது வருடம் இங்கிலாந்து ஆண்ட நாட்டில் கடைகளில் விற்பது அமெரிக்காவின் பலகை. இங்கிலாந்துப் பலகையில் அதே விசையில் இரட்டை மேற்கோள். மின்னஞ்சல் குறி வலது பக்கத்துக்குப் போயிருக்கும். 3க்கு மேல் பவுண் குறி. வித்தியாசம் இவ்வளவுதானே என்று தோன்றும். லண்டனுக்குப் படிக்கப் போன அந்தப் பெண்ணின் மைத்துனி, முதல் நாள் நூலகக் கணினியில் தன் கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடித்தாள். மூன்று தடவையும் பிழை என்று வந்தது. கடவுச்சொல்லில் மின்னஞ்சல் குறி இருந்தது, திரையில் வெறும் கறுப்புப் புள்ளிகள். எது மாறியது என்று பார்க்கவே வழியில்லை. அன்று மாலை அப்புத்தளைக்குத் தொலைபேசி எடுத்து அழுதாளாம். அந்நிய நாட்டில் முதல் வாரத்தில் அழுவதற்கு ஒரு விசை போதும்.

கடையின் மூலையில் ஒரு பழைய மடிக்கணினி திறந்து கிடந்தது. குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த ஒருவர் விற்றுப்போனது என்றான் பையன். அதன் விசைகளில் ஆங்கிலத்தோடு அரபு. ஏ என்ற விசையில் ஷீன், எல் என்ற விசையில் மீம். ஊவாத் தோட்டங்களில் இப்படிப்பட்ட கணினி அதிசயமல்ல. லயத்துப் பெண்கள் எத்தனையோ பேர் மத்திய கிழக்கில் உழைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். திரும்பும்போது இப்படி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அரபு எழுத்துக்குக் கீழே ஆங்கில வரிசை குலையாமல் இருப்பதால் அதில் பாமினி அடிப்பதில் சிக்கல் இல்லை. ஒரே விசையில் அரபைப் பார்த்துக்கொண்டு, ஆங்கிலத்தை நினைத்துக்கொண்டு, தமிழை அடிக்கும் பிள்ளைகள் இந்த மலையில் இருக்கிறார்கள்.

பாரிஸ் பெண் அன்றைக்கு வாங்கவில்லை. அந்தப் பலகையில் என்டர் விசை உயரமாக, இரண்டு வரிசையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்கு இடம் விட்டுப் பேக்ஸ்பேஸ் ஓர் எழுத்து அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. அடிக்கிறவர்களுக்குத்தான் தெரியும், அதிகம் தேயும் விசைகளில் பேக்ஸ்பேஸும் ஒன்று.

"பண்டாரவளையில பாருங்கக்கா. இல்லாட்டி பதுளை. நீட்டு பேக்ஸ்பேஸுன்னு கேளுங்க" என்றான் பையன்.

*

வீடு டம்பேதன்ன பக்கம். ரோட்டின் இரு பக்கமும் தேயிலை, வளைவுக்கு வளைவு லயம், மாரியம்மன் கோயில், பிள்ளை மடுவம். தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து வாங்கிய தோட்டங்களில் ஒன்று இது. அவர் காலத்துத் தொழிற்சாலை இன்னும் தேயிலை அரைத்துக்கொண்டிருக்கிறது. மேலே அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லும் முனைக்கு முச்சக்கர வண்டிகள் அதிகாலையிலேயே வெளிநாட்டவரை ஏற்றிக்கொண்டு போகின்றன. கீழே, மலைக்குப் போகிற பெண்கள் கூடையும் படங்குமாக நடக்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே ரோட்டில் எதிரும் புதிருமாகக் கடந்து போவதை அந்தப் பெண் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறார்.

தோட்டத்து ஆபீஸில் டைப்ரைட்டர் சத்தம் கேட்ட ஞாபகம் அவருடைய அம்மாவுக்கு உண்டு. பெரிய கிளாக்கரய்யா அடிப்பார், துரை கையெழுத்துப் போடுவார், எல்லாம் ஆங்கிலம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் 1868இல் காப்புரிமை பெற்று, ரெமிங்டன் கம்பனி 1874இல் விற்பனைக்கு விட்ட இயந்திரத்தின் வரிசைதான் தேயிலை மலை வரை ஏறி வந்தது. தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையைத் தீர்மானித்த காகிதங்கள் அந்த வரிசையில் அடிக்கப்பட்டன. அவர்களால் அதை வாசிக்க முடிந்ததில்லை. பெயரில் ஓர் எழுத்து மாறிப் பிறப்புச் சான்றிதழ் ஒரு மாதிரி, அடையாள அட்டை ஒரு மாதிரி, பாஸ்போர்ட் ஒரு மாதிரி என்று அலைகிற குடும்பங்கள் இன்றைக்கும் இந்த லயங்களில் இருக்கின்றன. டைப்செட்டிங் கடையில் இருந்தபோது சத்தியக் கடதாசி அடிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் பெயர்ப் பிழைக்காகத்தான் வருவார்கள் என்று அந்தப் பெண் சொல்கிறார். ஓர் எழுத்து இடம் மாறுவது அவருக்குச் சின்ன விஷயமாகத் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழ் டைப்ரைட்டரின் கதை இதற்கு மறுபக்கம். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்குப் பிழைக்கப் போன ஆர். முத்தையா என்பவர்தான் தமிழுக்கான விசைப்பலகையை வகுத்தவர். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்க வேண்டும். அவர் கண்ட வழிகளில் முக்கியமானது நகரா விசை. புள்ளியையும் இகரக் கொக்கியையும் அடித்தால் காகித உருளை நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழேயே வந்து விழும். இயந்திரத்தைச் செய்து கொடுத்தது ஜெர்மன் கம்பனி. ஈழத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்தவர் வகுத்து, ஜெர்மனியில் வார்ப்பித்த பலகையின் வழித்தோன்றல்தான் அப்புத்தளைக் கடையில் அந்தப் பெண்ணின் விரலுக்கு வந்து சேர்ந்தது.

கணினிக்கு வந்த பிறகும் அப்படித்தான். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களில் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1990களில் மயிலை எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிச் சங்க இலக்கியம் முதற்கொண்டு இணையத்தில் ஏற்றினார்கள். சுவிஸ் பலகை தனி ரகம். ஜெர்மன் பேசுகிறவரும் பிரெஞ்சு பேசுகிறவரும் ஒரே விசையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவருக்கு ஜெர்மன் எழுத்து நேரே வரும், மற்றவருக்கு அது ஷிப்டில். நம் மும்மொழிப் பலகைக்கு அது தூரத்து உறவு. தமிழ் எழுத வசதியில்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் தமிழ் எழுதும் வசதியைச் செய்திருக்கிறார்கள். ஊரில் இருந்தவர்களுக்குப் பேனாவும் பக்கத்து அச்சகமும் இருந்தன.

யூனிகோட் வந்த பிறகு பாமினி தேவையில்லை என்று சொல்வோர் உண்டு. ஒரு வகையில் சரி. பாமினியில் அடித்ததைக் கணினி ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் சேமிக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் குப்பை. யூனிகோட்டில் அந்தத் தொல்லை இல்லை. தேடினால் கிடைக்கும், அனுப்பினால் போய்ச் சேரும். கட்டாயம் அதுதான் முன்னே போகும் வழி. ஆனால் அச்சுக்கூடங்களில் இருபது வருடமாகச் சேர்த்து வைத்த கல்யாணப் பத்திரிகை வடிவமைப்புகள், நினைவு மலர் மாதிரிகள் எல்லாம் பழைய எழுத்துருவில் இருக்கின்றன. வேலை அங்கே இருக்கும்வரை விரலும் அங்கேதான் இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை.

"கவ்வாத்து வெட்டின மலையில மறுபடி கொழுந்தெடுக்கப் போனா அப்படித்தான் புள்ள. செடி வேற உசரத்துல நிக்கும். கை பழைய இடத்துக்கே போகும். நாலு நாளைக்கு நெறை சரியா வராது. கங்காணி சத்தம் போடுவாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, பழகிரும். ஆனா அந்த நாலு நாள் சம்பளம் போனது போனதுதான்."

*

பண்டாரவளை பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கே மூன்று கடை. முதல் கடையில் இங்கிலாந்துப் பலகை. இரண்டாவதில் விளையாட்டுக்காரர்களுக்கான, ஏழு நிறத்தில் மின்னும் பலகை. வலது பக்கத்துத் தனி எண் விசைகளே இல்லை. பத்திரிகைக்குப் பத்துத் தொலைபேசி இலக்கம் அடிக்கிறவருக்கு அது உதவாது. மூன்றாவது கடையில் மறுபடியும் உயரமான என்டர். கடைக்காரர் பொறுமையானவர், "தட்டையான என்டர், நீட்டு பேக்ஸ்பேஸ், நீட்டு இடது ஷிப்ட்" என்று அந்தப் பெண் அடையாளம் சொல்லச் சொல்ல, ஒரு துண்டில் பலகையையே வரைந்து, பதுளையில் கேட்கும்படி கொடுத்தார். அமெரிக்க அமைப்பின் 104 விசைக்கு அதைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் பெட்டியிலும் அச்சிட்டிருக்காது.

மறுநாள் பதுளைக்கு ரயில். எல்ல தாண்டி ஒன்பது வளைவுப் பாலத்தில் வண்டி போகும்போது பாதிப் பெட்டி ஜன்னலுக்கு வெளியே தொங்கியது. 1921இல் கட்டி முடித்த பாலம், இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக. தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வந்து தன் அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. அந்தப் பெண் இரண்டையும் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த துண்டை விரித்து, வரைந்திருந்த கட்டங்களின் மேல் விரலை வைத்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த சிங்களப் பாட்டி அவருடைய விரல்களைப் பார்த்துச் சிரித்தார். ஜபம் என்று நினைத்திருக்கலாம்.

பதுளைக் கடைத்தெருவில் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு கடையில், தூசி படிந்த கடைசி இரண்டு பெட்டிகளில் அது இருந்தது. கறுப்பு, கம்பி வைத்தது, விளக்கு இல்லாதது. இடது ஷிப்ட் இரண்டேகால் எழுத்து அகலம். என்டர் ஒரே வரிசையில் தட்டையாக. பேக்ஸ்பேஸ் நீளமாக. எல்லுக்குப் பக்கத்தில் அரைப்புள்ளி. இரண்டையும் கேட்டார்; ஒன்று பழுதானால் இன்னொன்று. கடைக்காரர் இரண்டையும் கணினியில் செருகி ஒவ்வொரு விசையாக அழுத்திக் காட்டினார். இரண்டாவதில் வை ஒட்டிக்கொண்டது. ல வராது. மலை இல்லாத பலகையை அவர் அங்கேயே வைத்துவிட்டு ஒன்றோடு வந்தார்.

அன்றிரவு அண்ணன் மகனின் மடிக்கணினியில் அதைச் செருகினார்கள். அடுத்த வாரம் சடங்கு. பத்திரிகை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. ஆனால் மண்டப வாசலில் ஒட்டப் பெயர் எழுதிய பெரிய தாள் ஒன்று வேண்டும் என்று அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார். லயத்து வாசலில் கதிரை போட்டு, பலகையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் அடிக்கத் தொடங்கினார். கண் திரையில், விரல் பார்வையில் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று, ஒவ்வொரு எழுத்தும் வரவர உரக்க வாசித்தார்கள். மகளின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர். கடைசி வரியில் ஊர். எம், ஜீ, அரைப்புள்ளி. ஷிப்டோடு ஜீ. ஜே, அரைப்புள்ளி. ஜே, ஐ, எஸ்.

"அப்புத்தளை" என்று வாசித்தார்கள் பிள்ளைகள்.